குழாய்த் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, இரவு

காலையில் முதல் வேலையாகச் சாயப்பட்டறைக்குப் போய் இரண்டு கேன் கழிவுநீர் பிடித்து வந்தேன். கல்லூரிக்கு வரும் ஆய்வுக்குழு முன் என் வடிகட்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். வடித்த நீரில் லேசாக மஞ்சள் நிற்கும். அதையும் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

லேபுக்குள் நுழைந்தால், துறைத்தலைவர் வடிகட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார். என் கேன்கள் மேசைக்கடியில்.

"ஏனுங்க சார், இது நல்ல தண்ணியாச்சுங்களே?"

"மஞ்சளா வந்தா காலேஜுக்குக் குழு குடுக்கற கிரேடு போயிருமுங்க அம்மணி. சும்மா காட்டறதுக்குத்தானே?"

குழுவில் ஒருவர் அதைக் குடித்தே பார்த்துக் கைதட்டினார். அந்த டம்ளரைப் பிடுங்கிக் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருக்க வேண்டும்!

சிங்காநல்லூர் மில்லின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு என்னை அழைத்தபோது, "புரொபசர் வேலைய உட்டுப்போட்டு கம்பெனிக்குப் போறீங்களாக்கும்?" என்று சிரித்தவரும் இந்தத் துறைத்தலைவர்தான். அப்போதே மில்லில் அந்த மஞ்சளை மறைக்காமல் சொன்னேன். "அது போற வரைக்கும் இங்கயே செஞ்சு பாருங்க. தோத்தா தோத்துதுன்னே எழுதுங்க" என்றார்கள்.

கேன்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. நாளை கல்லூரிக்குப் போகும் நேரத்துக்கே கிளம்பி, கேன்களோடு சிங்காநல்லூர் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.