ஓடு பிரிப்பதற்கு முன்னால்

ஆரணி
19-7-98

அன்புள்ள கமலக்கண்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், குவைத் வெயிலில் உன்னையும் படவேட்டு அம்மன் அப்படியே வைத்திருக்கட்டும். மனசுதான் சரியில்லை. போனில் பேசலாமென்றால் அது பக்கத்து வீட்டுப் போன், அவர்கள் கான்ட்ராக்டர் தணிகாசலத்துக்குச் சொந்தக்காரர்கள்.

தான் கட்டின வீடுகள் என்று அவர் அனுப்பின போட்டோக்களைப் பார்த்துவிட்டு அவரையே வைத்துக் கட்டலாம் என்றாய், அப்பாவும் தலையாட்டிவிட்டார், ஆவணி பிறந்ததும் ஓடு பிரிக்கிறேன் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். போட்டோவில் வீடு ஒழுகுவது தெரியுமாடா? எனக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, போன வருஷம் தணிகாசலம் கட்டின கொசப்பாளையம் லீலா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்து, தங்கமான மனுஷன்க்கா, ஒரு பேஜாரும் கிடையாது என்றாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, தறி இருக்கும் அறையைப் பார்க்கிற வரைக்கும். புதுத் தளத்துக்கு அடியில், தறியில் ஏற்றின பட்டுப் பாவின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கிறாள். நம் ஓட்டு வீட்டில் போர்த்துவோம், கான்கிரீட் வீட்டில் எதற்கு? தூசிக்கு என்றாள். தாளின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது.

நான் கிளம்பினேன். அவளே வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டு, மாடியில தண்ணி இறங்காம இருக்க இன்னும் தட்டோடு பதிக்கல அக்கா, நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன்னு சொல்லிகினே இருக்காரு, குறை சொன்னேன்னு தெரிஞ்சா அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாரு, என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க என்று அழுதுவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னால், பையன் முடிவு பண்ணிட்டான், உனக்கு எதுலயும் சந்தேகந்தான் என்கிறார். உன் பேச்சுக்குத்தான் அவர் அடங்குவார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. ஓட்டைப் பிரித்துவிட்டால் நம் குடுமி தணிகாசலம் கையில். அப்புறம் எவளாவது விசாரிக்க வருவாள், நானும் காபி கொடுத்து, தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டு நிற்பேன்.

இன்னும் நாலு பேர் கட்டின வீட்டை மழை நாளில் போய்ப் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்யலாம், தை மாதம் ஆனாலும் பரவாயில்லை என்று அப்பாவுக்கு உடனே எழுது. வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தில் லீலா பேரை மட்டும் எடுக்காதே, அவள் வீட்டுக்கு அவர் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
கிருஷ்ணம்மாள்