சுண்ணாம்பு படாத விரிசல்

என் வேதா அக்காவுக்கு,

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நம் கிணற்றுச் சுவரில் தார் சிந்தியது போல ஒட்டிக்கிடந்த கறுப்புத் திட்டைச் சுற்றி நீ கரியால் வட்டம் போட்டாய். மசாலாவுக்குப் போடும் கல்பாசிக்குச் சொந்தம், பெயர் லைக்கன் என்றாய். நீ காலேஜில் பாட்டனி. நான் படிப்பைப் பாதியில் விட்டவன். கேட்பேனா?

"காத்துல கீற நைட்ரஜனைப் புடிச்சி உரமாக்குதுடா. நைனா வயலுக்கு யூரியா போடறாரே, அதே சத்து."

"அப்ப மூட்டை வாணாம், வயல்ல கல்லு நட்டுறலாமா?"

"சிரிக்காத. காஞ்சா வேலை செய்யாது. வெயிலு ஜாஸ்தியானாலும் நின்னுடும், பொகைன்னாலும் அவ்ளோதான். நனைஞ்சி, வெளிச்சமும் இருந்தா பச்சையா உப்பி எழுந்துக்கும். உன்ன மாதிரி சோம்பேறி. மூஞ்சில தண்ணி ஊத்தணும்!"

மஞ்சள்காமாலையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போகி வந்தது. பொங்கலுக்குத் திரும்பிவிடுவாய், வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் சுண்ணாம்பு அடித்தேன். கிணற்றுச் சுவருக்கும் சேர்த்து. உன் வட்டம் ஞாபகமே வரவில்லை.

மறுநாள் கட்டிலில் கேட்டாய்: "மழை பெஞ்சிச்சாமே, உப்பிச்சாடா?"

"உப்பிச்சிக்கா. பச்சையா, அல்வா மாதிரி."

சிரித்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

துக்கத்தால் அடுத்த பொங்கல் நமக்கு இல்லை. சுண்ணாம்பும் இல்லை.

இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். புகைபோக்கிப் பக்கத்து வேப்பமரங்களில் தேடினேன்; ஒரு திட்டுகூட இல்லை. ஏரிக்கரை மரங்களில் இருக்கிறது. புகைதான் காரணமா? யாரைக் கேட்பேன்?

நேற்று மழை. லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். நம் கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் ஒரு விரிசல். உள்ளே, சுண்ணாம்பு அடிக்கும் மட்டை எட்டாத மூலையில், கருகிய அப்பளம் போல, நகமளவு கறுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தேன் அக்கா. தண்ணீர் பட்டதும் தளர்ந்தது, உப்பியது, கரும்பச்சையாகப் பளபளத்தது. இரண்டு கோடை செத்துக் கிடந்தது, யாரும் சோறு போடாமல் காற்றைத் தின்ன எழுந்துவிட்டது!

"நைனா, இங்க வாயேன்!"

குனிந்தார். "இன்னாடா, அழுக்கா?"

"அக்காவோடது."

இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு தன் நிழல் அதன்மேல் விழாமல் நகர்ந்து நின்றார். "வெளிச்சம் வோணும்னு சொல்லுவாளே."

இந்தப் பொங்கலுக்கும் நான்தான் சுண்ணாம்பு அடிப்பேன். முதலில் கரியால் வட்டம் போடுவேன். அதற்குள் மட்டை போகாது.

உப்பிச்சிக்கா. இப்போ நிஜமா.

உன் சோம்பேறித் தம்பி,
கோபி