நான்காவது முறையும் முதல் முறைதான்

சான் லாசரோ, கலிஃபோர்னியா
ஏப்ரல் 24, வியாழக்கிழமை

அன்புத் தம்பி எஃப்ரேனுக்கு அக்கா ஒட்டிலியா எழுதுவது.

டெக்சாஸில் நீயும் மரிபெல்லும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எண்ணெய்க் கிணற்று வேலை உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? போன புதன்கிழமையிலிருந்து பதினோரு முறை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. கடிதத்தை அப்படித் தட்டிக் கழிக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். மரிபெல்லுக்கும் படித்துக் காட்டு. காட்ட மாட்டாய். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

என் பெண் சிமேனா நன்றாக இருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து, பேசும்போது காற்றாக வருகிறது. பாதாம் கிடங்கில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. முழங்கைதான் வலிக்கிறது. காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டதால் துணியை வெளியே காயப்போடுவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வேலை பார்த்த பழைய உலோக யார்டில் ஈயம் உருக்கும் உலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பேட்டரியும் ரேடியேட்டரும் ஏற்றிய லாரிகள் முன்பைவிட அதிகமாக வருகின்றன. மேல்நிலைப் பள்ளி மைதானத்துக்குப் புதிதாக ஸ்கோர் பலகை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அடியில் கம்பெனி பெயர், பக்கத்தில் ஒரு பச்சை இலை வேறு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சாக்ரமெண்டோ போயிருந்தேன். நச்சுக் கழிவுச் சட்டத்தைத் திரும்பத் திரும்ப மீறுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்ட ஒரு மசோதா சட்டசபைக் குழு முன்னால் வந்தது. ஐந்து வருடத்துக்குள் மூன்று முறை மாட்டினால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். தெரிந்தே செய்யச் சொன்ன முதலாளி சிறைக்கும் போகலாம். நம் தெருவிலிருந்து பதினெட்டுப் பேர் போனோம். ஃபிரெஸ்னோவில் ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல் மாய் வாங் என்று ஒரு அம்மா, அவர்தான் பஸ் பிடித்துக் கொடுத்தார். ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. குரல் மட்டும் லாரி ஹாரன்.

பஸ்ஸில் நம் தெரு மாத்தில்தே சும்மா இருப்பாளா? "என் புருஷன் சிவப்பு விளக்குல நிக்காம ரெண்டாவது தடவ போனான், லைசென்ஸப் புடுங்கிட்டாங்க. இவனுங்க நாலு தடவ ஊருக்கே விஷம் வச்சிருக்கானுங்க, 'இனிமே பண்ணாத தங்கம்'னு கன்னத்தக் கிள்ளிட்டுப் போறாங்க. என் புருஷனும் ஒரு கம்பெனியாப் பொறந்திருக்கலாம்டி!" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்கு முறையும் கழிவு அனுப்பியதாகச் சொல்லும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டது என் தம்பி என்று அந்தப் பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். போன பிறகு நேரமில்லை, பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா, அவ்வளவு மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். மாத்தில்தே ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கம்பெனி வக்கீலுக்கு மட்டும் நேரம் நிறைய இருந்தது. நல்ல கோட்டு, நல்ல குரல். தப்பு நடந்ததை அவன் மறுக்கவே இல்லை. "எங்க நிறுவனம் ஒவ்வொரு தடவையும் கத்துக்கிட்டே இருக்கு" என்றான். நான்கு முறை கற்றுக்கொண்டார்களாம்! சிமேனாவின் வகுப்பில்கூட ஒரே பாடத்துக்கு நான்கு வருடம் உட்கார வைக்க மாட்டார்கள். குழுத் தலைவர் என்னவோ ஞாயிறு பூசை கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை மறக்கவில்லை.

"இந்தத் தவறுகள் எல்லாமே ஒரே ஒரு முன்னாள் ஊழியரோட அஜாக்கிரதை. நிர்வாகத்துக்கு எதுவுமே தெரியாது. கழிவு அனுப்பின ஒவ்வொரு காகிதத்துலயும் அவர் கையெழுத்துதான் இருக்கு. எஃப்ரேன் கிரோஸ். அவர் இப்ப எங்ககிட்ட வேலையில இல்ல. ஒரு தனி ஆள் பண்ணின தப்பை நிறுவனத்தோட தப்பா எண்ணக்கூடாதுன்னு மசோதாவுல ஒரு வரி சேருங்கன்னு கேட்டுக்கறோம்."

கிரோஸ் என்ற நம் அப்பாவின் பெயர் அந்த மைக்கில் வந்தது, எஃப்ரேன். மாத்தில்தே திரும்பி என்னைப் பார்த்தாள். என் முறை வந்தபோது எழுந்து, "ஒட்டிலியா கிரோஸ், சான் லாசரோ, ஆதரவு" என்றேன். அந்த வக்கீல் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். பெயர் புரிந்துவிட்டது. சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை. தட்டில் மிஞ்சியதைத் தள்ளிவைக்கிறவன் முகத்தில் இருக்குமே, அந்தச் சிரிப்பு.

மசோதா ஒரே ஒரு ஓட்டில் தப்பியது. அந்த ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அடுத்த குழு மே இருபதாம் தேதி முடிவு செய்யும். படிக்கட்டில் நின்று மாய் வாங் எங்களுக்கு விளக்கினார். "அந்த வரி உள்ள போச்சுன்னா நாலு தடவையும் எண்ணிக்கையிலேயே வராதும்மா. அவங்க இனிமே மாட்டினாலும் அதுதான் முதல் தடவைன்னு சொல்லலாம். அதுக்கு அப்புறம் இன்னொரு எஃப்ரேனைப் புடிச்சுக்கலாம், அதுவும் முதல் தடவதான்."

உனக்குக் கோபம் வருகிறதா? எனக்கு அன்று கோபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. அவர்களைப் பார்த்து மட்டும் இல்லை.

மூன்றாவது முறை மாட்டியபோது கம்பெனி ஊருக்கு விருந்து வைத்தது, நினைவிருக்கிறதா? பிள்ளைகளுக்கெல்லாம் பச்சைப் பலூன். நீ கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நின்று இறைச்சி வாட்டினாய். மேனேஜர் ரஸ் உன் தோளில் கைபோட்டு, "எஃப்ரேன் எங்க குடும்பத்துல ஒருத்தன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். உன் முகம் அப்படி மலர்ந்தது. அபராதத்தை அவர்கள் மின்சாரக் கட்டணம் மாதிரி கட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் வரிசையில் நின்று உன் கையால் வாங்கிச் சாப்பிட்டோம். அந்த வாசனை இப்போது எங்கிருந்து வந்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

அதற்கு மறு ஞாயிறு நீ என் சமையலறையில் உட்கார்ந்து காப்பி ஆறும்வரை குடிக்காமல் இருந்தாய். பிறகு சொன்னாய்: "அக்கா, உலைத் தூசிய நெவாடாவுல இருக்கிற கழிவுக் கிடங்குக்கு அனுப்பல. காகிதத்துலதான் போகுது. கால்வாய் ஓரமா குழி தோண்டிக் கொட்டுறோம், ரஸ் கூடவே நின்னு பாக்குறான். மேல இருந்து உத்தரவு. நான் கையெழுத்து மட்டும்தான் போடுறேன். நீ பின்பக்கம் எதையும் போடாத. முள்ளங்கி, கொத்தமல்லி ஒண்ணும் வேணாம். சிமேனாவ செருப்பு இல்லாம விடாத. யார்கிட்டயும் சொல்லாத."

அன்று மாலையே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெஃபூகியோ, "என்னக்கா, நல்லாத்தானே வந்துச்சு, ஏன் புடுங்குற?" என்று கேட்டாள். "புழு வச்சிருச்சு" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அந்தப் பொய். நீ சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே தன் தோட்டத்துக் கொத்தமல்லியில் ஒரு கட்டுப் பறித்து வேலிக்கு மேலே நீட்டினாள். வாங்கிக்கொண்டு வந்து குப்பையில் போட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய நயேலிக்கு அப்போது இரண்டு வயது, அந்த மண்ணில்தான் நாள் முழுக்க உட்கார்ந்து விளையாடும்.

நயேலிக்கு இப்போது நான்கு வயது. பிப்ரவரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம். உடம்பில் துளிகூட இருக்கக் கூடாதாம், இவளுக்கு டாக்டர் இரண்டாம் முறை எடுத்துச் சரிபார்க்கும் அளவுக்கு இருந்தது. பேச்சு இன்னும் இரண்டு வார்த்தையைத் தாண்டவில்லை. இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், உள்ளே போனது என்ன செய்தது என்று இப்போது சொல்ல முடியாது என்றாராம். சிமேனாவுக்கும் எடுத்தார்கள். அவளுக்குப் பரவாயில்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதுபோல அசிங்கமான சந்தோஷம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

நேற்று ரெஃபூகியோ வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவுவதை நிறுத்தவில்லை. கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எந்த மாசத்துலேர்ந்து உனக்குத் தெரியும்?"

மாசத்தைச் சொன்னேன். உதட்டுக்குள்ளேயே எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "போ ஒட்டிலியா" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. நான் வெளியே வந்ததும் வலைக்கதவைச் சாத்தினாள். அப்புறம் மரக்கதவையும் சாத்தினாள். இந்த வெயிலில்.

மாய் வாங்கிடமும் நீ சொன்னதைச் சொல்லிவிட்டேன். நான் சொல்வது காதால் கேட்டதுதான், அது நிற்காது, கையெழுத்துப் போட்டவனே வந்து யார் போடச் சொன்னது என்று சொல்ல வேண்டும் என்றார். குழி எங்கே என்று காட்டவும் வேண்டும். தோண்டிப் பார்த்தால் மண் பொய் சொல்லாது என்றார். எனக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: "தம்பிக்கு எந்த வாக்கும் குடுக்காதீங்க. அவர் மேலயும் வழக்கு வரலாம். முதல்ல அவருக்குன்னு தனியா ஒரு வக்கீல் வேணும், நான் ஏற்பாடு பண்றேன்." அதனால் நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. உன்னை ஜெயிலில் போட்டாலும் போடலாம். அப்படி நடந்தால் ஞாயிறு தவறாமல் வந்து உன்னைப் பார்ப்பேன். அது மட்டும் என்னால் சொல்ல முடியும்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. போகும்போது அவர்கள் கொடுத்த அந்தப் பிக்கப் வண்டி எதற்காக என்றும் தெரியும். அவர்கள் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தம்பி, அந்தத் தூசி டிரம்மை எப்படிக் கொண்டுபோய்க் கொட்டினார்களோ அதே மாதிரி உன்னையும் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். அதற்கும் மேலே ஒரு காகிதம், அதிலும் உன் கையெழுத்து.

முதல் முறை உனக்கு முழுக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது முறை வேலை போய்விடும் என்ற பயமாக இருந்திருக்கலாம். அதற்கு மேல் உனக்காகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். எனக்காகப் பேசவும் இல்லை.

மே பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு டெக்சாஸ் பஸ் ஃபிரெஸ்னோவில் நிற்கும். நான் அங்கே நிற்பேன். அந்த வண்டியில் வராதே, பஸ்ஸில் வா. மாய் வாங்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ இறங்காவிட்டால் அடுத்த பஸ் இரவு ஒன்பதுக்கு, அதுவரை இருப்பேன். அதற்கு மேல் முடியாது, மறுநாள் காலை சிமேனாவை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். போய்விடுவேன்.

வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும். சோபாவை விரித்துப் போடுகிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக் கதவை நீயே போய்த் தட்டிக்கொள். அதை உனக்காக நான் செய்ய மாட்டேன். திறப்பாளா என்று எனக்குத் தெரியாது.

மரிபெல்லைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் இருமல் இருந்ததே, அங்கேயாவது ஒரு டாக்டரிடம் இரத்தத்தைக் கொடுத்துப் பார். அந்த உலை முன்னால் ஒன்பது வருடம் நின்றவன் நீ. உன்னிடம் யாரும் செருப்புப் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை.

கடவுள் உனக்குப் பேச வாய் கொடுக்கட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் தீராத, உன்னை விட்டுவிடவும் தெரியாத
அக்கா,
ஒட்டிலியா