முதுகில் அச்சடித்த பேர்

ஜனவரி 8, வியாழன்

அம்மா தூங்கிவிட்டது. இப்போதுதான் எழுத முடிகிறது.

கபடி பனியன் வந்துவிட்டது. சிவப்பு. முதுகில் வெள்ளை எழுத்தில் ‘சேரிப் பொண்ணுங்க’. ஊர்த்தெருக்காரர்கள் எங்களைத் திட்டுகிற அதே வார்த்தை. கேப்டன் சோபனா அக்காவின் யோசனை. “அவங்க சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா, அப்புறம் எதை வெச்சுத் திட்டுவாங்க?”

போட்டுப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. அம்மா பார்த்தால் கொன்றே போடும். பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையைக் கேட்கப் பொறுக்காமல்தான் அம்மா ஆறாவதோடு நின்றது.

ஜனவரி 11, ஞாயிறு

இண்டூரில் பொங்கல் போட்டி. மைக்காரர் எங்கள் பேரைப் பார்த்து முழித்தார். “வேற பேர் இல்லியாம்மா? இதை மைக்குல எப்படிச் சொல்றது?”

“மைக் இல்லாம சொல்றீங்கல்லங்க, அப்படியேதான்” என்றாள் சோபனா அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மனுஷன் சொன்னார். சொல்லச் சொல்லப் பழகிவிட்டார்.

கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தேன். கூட்டமே அந்தப் பேரைக் கத்தியது. எனக்காக. எங்கே தூங்க?

ஜனவரி 12, திங்கள்

பள்ளிக்கூடக் குழாயடியில் என் வகுப்பு ராஜா, ஆறாவது படிக்கிற பானுமதியைத் தள்ளிவிட்டான். “ஏய் சேரி, தள்ளு.” அவள் எங்கள் தெரு. கபடியே தெரியாது.

டீச்சர் அதட்டினார். “டீம் பேருதானுங்க டீச்சர். அவங்களே போட்டிருக்காங்க” என்றான் ராஜா.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். பானுமதி தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள்.

நாமளே எடுத்துக் குடுத்துட்டமா அவன் கையில?

ஜனவரி 13

சோபனா அக்காவிடம் கேட்டுவிட்டேன். “பேரை மாத்திடலாம்க்கா.”

“பயந்தாங்கொள்ளி. இப்ப விட்டா அவனுங்க ஜெயிச்ச மாதிரி.”

“எனக்கும் புடிக்கும்க்கா. பானுமதிய நாம கேக்கலியே.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 16

அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பென்னாகரத்தில் அடுத்த போட்டி. பேர் கேட்டார்கள். சோபனா அக்கா என்னை முறைத்துவிட்டு, “அன்னை நகர்” என்றாள். ரேஷன் கார்டில் இருக்கிற எங்கள் தெருப் பேர். பனியனை உள்பக்கம் வெளியில் வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆடினோம். இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம். கப் என் இடுப்பு உயரம்.

திரும்பி வரும்போது வேனில் எங்களையும் எங்கள் தெரு டிரைவர் அண்ணனையும் தவிர யாரும் இல்லை. சோபனா அக்கா ஒவ்வொரு கண்ணாடியாக இழுத்து மூடினாள். அவளேதான் ஆரம்பித்தாள். அப்புறம் எல்லோரும். ஊர் எல்லை வருகிற வரைக்கும் பனியனில் இருந்த அந்தப் பேரையே கத்திக்கொண்டு வந்தோம்.

தொண்டை கட்டிவிட்டது. என்னாச்சு என்று அம்மா கேட்டது. ரெய்டில் கபடி பாடினது என்றேன்.