வெளிர்பச்சைப் பட்டன்

மார்ச் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கண்டி டவுனில் குடை விரிக்க இடமில்லை, வாகனம் அப்படி. நோன்புத் தலைவலி.

அக்குறணையில் என் கூடப்பிறந்த மூத்தவர், நானாவின் துணிக்கடைக்கு நான் செய்த வெப்சைட்டை இன்றும் ஒருமுறை திறந்து ரசித்தேன். தாய்க்குத் தன் பிள்ளை போல. வெள்ளைப் பின்னணி, சாம்பல் எழுத்து. ஓடர் வந்தால் நானாவின் போனில் இரண்டு பட்டன்: 'ஏற்கிறேன்' வெளிர்பச்சை, 'வேண்டாம்' வெளிர்ரோஸ்.

ஒபீசில் பக்கத்து மேசை சிவானி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எட்டிப் பார்த்தாள். "சேர், இரண்டும் ஒரே மாதிரிக் கிடக்கு. எழுத்தும் மங்கல். வயசாக்கள் எப்பிடி வாசிப்பினம்?"

"இதுக்குப் பேர் ரசனை, தங்கச்சி."

"ஓம் சேர். தலைமயிருக்கு மை பூசுறதும் ரசனைதான்."

நோன்பு என்பதால் கோபத்தை அடக்கி, மை பூசிய என் தலையைத் தடவிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

திகனையிலிருந்து ஒரு ஹாஜியார் போனில். பழைய வாடிக்கையாளர். பெருநாள் உடுப்புக்குக் கொடுத்த ஓடரை நானா 'வேண்டாம்' என்று திருப்பிவிட்டாராம்.

"என்ட மகள்ட கலியாணத்துக்கு நேர்ல வந்து சொல்லல்ல எண்ட கோவமா ஒங்கட நானாக்கு?"

இன்னும் நாலைந்து பேருக்கும் இதே கதி. ஊரில் கதை ஏற்கனவே புறப்பட்டாயிற்று: நானாவுக்குத் தலைக்கனம். நானும் (வெட்கம்தான்) நம்பினேன். போன் எடுத்தேன்.

"என்ன நானா, காசு கூடி யாவாரம் கசக்குதா?"

"கை தவறிட்டு."

என் பகிடிக்கு எப்போதும் சிரிப்பவர். இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

அக்குறணை. பஸ்ஸில் நின்றுகொண்டே. முழங்கால் போயிற்று.

கடையில் ஒரு மூலைக் கதிரையில் இருந்தேன். நானா துணியை விரலால் உருட்டித் தரம் சொல்கிறார், பழைய கெட்டிக்காரத்தனம். நிறம் கேட்டால் மட்டும், "நீங்களே வெளிச்சத்துல பாருங்க, அப்பதான் வெளங்கும்." வாடிக்கையாளர் அதை நேர்மை என்று மெச்சுகிறார்கள். நானும் மெச்சியிருப்பேன்.

போன் கிணுங்கியது. ஓடர். நானா முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணால் போனைப் பார்த்தார். அமத்தினார். ரோஸ் பட்டனை, 'வேண்டாம்' என்பதை.

"ஏத்துட்டேன்," என்றார், சந்தோஷமாக.

எழும்பி, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனேன்.

குசினி அடுப்படியில் மதினி, குரலைத் தாழ்த்தி: "கண் மங்கிக்கிட்டே போகுது. ராவைல வேன் ஓட்டுறதையும் விட்டுட்டார். டொக்டரக் காட்டுங்க எண்டா, பெருநாளைக்குப் பொறகாம். ஒங்களுக்குச் சொல்லவே வாணாம் எண்டார்."

"என்னத்துக்கு?"

"நீங்க பகிடி பண்ணுவீங்களாம்."

திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வரிதான்.

மார்ச் 13, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு வேலை. செய்தவை:
– பின்னணி கறுப்பு. எழுத்து மஞ்சள், இரண்டு மடங்கு.
– 'ஏற்கிறேன்': திரையின் அடி முழுக்க, கடும்பச்சை, பக்கத்தில் பெரிய சரி அடையாளம்.
– 'வேண்டாம்': மேலே, தூரத்தில். அமத்தினால் "உண்மையாகவா?" என்று ஒருமுறை கேட்கும்.
– திகனை ஹாஜியாருக்குப் போன். பிழை என்னுடையது என்றேன். கண் விஷயம் சொல்லவில்லை.
– ரசனை: குப்பையில்.

சிவானி பார்த்தாள். "ஓட்டோவுக்குப் பின்னால ஒட்டின ஸ்டிக்கர் மாதிரிக் கிடக்கு." கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "ஆனா தெரியுது, சேர். ஆருக்கு இது?"

சொன்னேன். இத்தனை நோன்பு நாளும் என் முன்னாலேயே குடித்தவள், இன்று தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

மழை விட்டிருந்தது. நோன்பு திறக்க நானா வீடு. கஞ்சி மணம்.

பாங்குக்குக் கொஞ்சம் முன்னர் புதிய பக்கத்தைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தேன். எங்கே அமத்துவது என்று விளக்கினேன். நீளமாகத்தான், என் பழக்கம். நானா போனைப் பக்கவாட்டில் பிடித்து, தலையாட்டி:

"மாஷா அல்லாஹ். இப்ப பளிச்செண்டு ஈக்கி. அந்தப் பச்ச நல்ல வடிவு."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துபோயிருந்தது. அவர் கையில் வெறும் கறுப்புக் கண்ணாடி.

மதினி என்னைப் பார்த்தார். நாக்கு நுனியில் ஒரு பகிடி, நல்ல பகிடி, வந்து நின்றது. விழுங்கினேன்.

"பச்சதானே?" நானா.

"பச்சதான் நானா. நாளைக்குக் கண் டொக்டர்ட்டப் போற. நானும் வாறேன்."

நானா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார். பிறகு, "அங்க வந்து பகிடி பண்ணப்போடாது."

"இல்ல."

பாங்கு. அவர் கை பேரீச்சம்பழத்தை வெறும் மேசையில் தேடியது. தட்டைச் சத்தமில்லாமல் அந்தக் கைக்குக் கீழே நகர்த்தினேன்.