கலந்து அனுப்பச் சொன்ன மண்

செவ்வாய் கிரகம், கீழ்ச்சரிவு நிலையம். முதல் நாள், காலை 7.10

பழைய எரிபொருள் தொட்டி இருந்த குழியைச் சுற்றி எட்டுத் துளைகள் போட்டாயிற்று. முதலில் வந்த குழு ராக்கெட்டுக்கான ஹைட்ரசின் என்ற விஷ எரிபொருளை இங்கே மண்ணுக்கடியில் தொட்டியில் வைத்திருந்தது. பிறகு தொட்டியைத் தோண்டி எடுத்துப் போனவர்கள், தோண்டிய மண்ணையே திரும்பக் குழியில் தள்ளி மூடியிருக்கிறார்கள். எச்சில் இலையை எடுத்துவிட்டு மேஜையைத் துடைக்காமல் போன கதை.

என் பெயர் அமலோற்பவம். மண் பரிசோதகர். நிலையத்தில் இப்போதைக்கு நான் ஒருத்திதான். குடியேற வரும் நாற்பது பேரின் கப்பல் நாளை மாலை வந்துவிடும். அவர்கள் குடிக்கப்போகும் கிணறு இந்தக் குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மண் சுத்தம் என்று நான் எழுதிக் கொடுத்தால் இறங்குவார்கள்.

வழக்கமான வேலைதான். தலைவலி மட்டும் விடவில்லை.

முதல் நாள், மதியம் 1.40

கிணற்றுப் பக்கமுள்ள மூன்று துளைகளில் விஷம் வரம்பைப்போல் இரண்டு மடங்கு. மற்ற ஐந்தும் சுத்தம்.

உறைந்த மண்ணில் எரிபொருளும் உறைந்து கிடக்க வேண்டும். நகரக்கூடாது. ஆனால் இங்கே கிணறு என்பது, பனிக்கட்டிக்குள் சூடான கம்பியை இறக்கி, உருகியதை உறிஞ்சுவது. அந்தச் சூடு பக்கத்து மண்ணுக்கும் போயிருக்கிறது. எரிபொருளும் உருகி, உறிஞ்சுகிற பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது நாங்கள்தான்.

கிணற்று நீரையும் சோதித்தேன். அதிலும் இருக்கிறது. வடிகட்டி உப்பைப் பிடிக்கும், இதைப் பிடிக்காது. நான் இங்கே வந்து இரண்டு வாரம். அன்றிலிருந்து இதைத்தான் குடிக்கிறேன்.

முதல் நாள், மாலை 5.05

அறிக்கை அனுப்பினேன். பூமி அலுவலகத்தின் தலைவர் குற்றாலிங்கத்திடமிருந்து பதில்:

"அமலாம்மா, ரிப்போர்ட்டப் பாத்தேன். எட்டையும் ஏன் தனித்தனியா காட்டுதீங்க? எட்டு மண்ணையும் ஒண்ணாக் கலந்து ஒரே சாம்பிளா ஓட்டுங்க. சராசரி வரம்புக்குள்ள வந்துரும். இந்த நேரத்துல கப்பலத் திருப்புனா கம்பெனியே முழுகிரும், பாத்துக்கிடுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். யாரும் சராசரியைக் குடிப்பதில்லை, ஐயா. தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கலக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அதற்கு மேல் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டேன். அவ்வளவும் வசவு.

இரண்டாம் நாள், காலை 8.30

"உங்களுக்கு உடம்பு சரியில்ல. நல்லா ரெஸ்ட் எடுங்க. ரிப்போர்ட்ட நாங்களே இங்க முடிச்சுட்டோம்."

குற்றாலிங்கத்தின் பதில் இது. கூடவே என் அலைபரப்பியை அங்கிருந்தே பூட்டிவிட்டார்கள். பிறர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது யாருக்கும் கேட்காது. பூட்டை உடைக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. கை நடுங்குகிறது. பாதி விஷம், பாதி ஆத்திரம்.

இரண்டாம் நாள், மாலை 3.15

நீர்த்தொட்டியின் அளவுமானி அலுவலகத்தைக் கேட்டுப் பேசுவதில்லை. நேராகக் கப்பலிடம் பேசும். தொட்டி பாதிக்குக் கீழே இருந்தால் கப்பல் இங்கே இறங்கக்கூடாது, வடக்கு நிலையத்துக்குப் போயாக வேண்டும். அது சட்டம்.

விஷத்தைச் சராசரியில் ஒளிக்கலாம். காலித் தொட்டியை எதில் ஒளிப்பார்கள்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வடிகால் வால்வைத் திறந்துவிட்டேன். வெளியே தண்ணீர் கொதித்துக்கொண்டே பனியாகிறது. என் தண்ணீரும் அதுதான், வேறு இல்லை. என்னை மீட்க வடக்கிலிருந்து இங்கே வர எந்த வண்டிக்கும் தெம்பு கிடையாது. எல்லாம் தெரியும். பயமாக இருக்கிறது. கோபம் அதைவிடப் பெரிது.

இரண்டாம் நாள், மாலை 4.20

பம்பு தானாக ஓடத் தொடங்கியது. பூமியிலிருந்து போட்டுவிட்டிருக்கிறார்கள். தொட்டி மறுபடி நிரம்புகிறது.

"என்ன காரியம் பண்ணுதீங்க! வால்வ மூடுங்கம்மா! நீங்களும்லா செத்துருவீங்க!"

குற்றாலிங்கத்துக்கு என் சாவைப் பற்றி இப்போதுதான் கவலை வந்திருக்கிறது.

பம்பின் கேபிளை வெட்டினேன். கை நிற்காததால் முதல் வெட்டு குழாயில் பட்டது, இரண்டாவது என் காலணியில். மூன்றாவது சரியாக விழுந்தது. வெட்டிய சேதி பூமிக்குப் போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் கப்பல் முடிவெடுத்துவிடும்.

மாலை, 5 இருக்கும்

கேபிளை வெட்டியதற்குத் தண்டனையாக, விளக்கையும் சூட்டையும் பூமியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். குறிப்பேடும் அலைவாங்கியும் மட்டும் தம் மின்கலத்தில் ஓடுகின்றன. இதை எடுத்துப் படிப்பவருக்கு: கிணற்றைத் தொடாதீர்கள். கம்பியைச் சூடாக்காதீர்கள். எட்டு மண்ணும் எட்டுப் பெட்டியில் அலமாரியில் இருக்கிறது. எவன் சொன்னாலும் கலக்க

வாந்தி. பரவாயில்லை.

நேரம் தெரியவில்லை

கப்பல். விமானி நஸ்ரின்:

"கீழ்ச்சரிவுல தொட்டி காலி. இறங்கல. வடக்கு நிலையத்துக்குத் திருப்பியாச்சு."

திருப்பிவிட்டாள். திருப்பிவிட்டாள்!

அவளுக்குப் பின்னால் பயணிகளில் ஒருத்தியின் குரல். மடியில் கைக்குழந்தை போல, அழுகை கேட்கிறது.

"அங்க இருக்கிற பொம்பள என்னத்தப் புடுங்கிட்டு இருந்தா? குடிக்கிற தண்ணியக்கூட பாத்துக்கத் தெரியாதா? நாசமாப் போவா!"

திட்டு தாயே. தொண்டை வலிக்கத் திட்டு. அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனானதும் அவனுக்கும் சொல்லிக் கொடுத்துத் திட்டு. பேரன் பேத்தி எடுத்த பிறகும் திட்டு.

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் கேட்