உன் வலக்காதுக்கு ஒரு நாதஸ்வரம்

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உன் ஹெட்போன் கையில் அகப்பட்டது. நீ காலமான பிறகு உன் மனைவி பவளம் என்னிடம் தந்தது. அதன் இறப்பர் வெடித்துப்போயிருந்தது. உன் தலையெண்ணெயின் மணம் அதில் இன்னும் இருப்பதுபோலத் தோன்றியது. கதிரையில் அமர்ந்துவிட்டேன்.

அறுபதாம் ஆண்டுக்குச் சற்று முன்பு, முரசுமோட்டையில் காணி கிடைத்து வந்த புதிது. வயல் வேலை இல்லாத மாதங்களில் சிநேகிதரான நாங்கள் இருவரும் குளக்கட்டு வேலைக்குப் போனோம். பாறைக்கு வெடி வைக்குமுன் விசில் ஊதி ஆட்களை விலக்குவது என் பொறுப்பு. அன்று ஒருவனோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். விசில் பிந்தியது. நீ பாறையருகே கல் அள்ளிக்கொண்டிருந்தாய்.

புழுதி அடங்கியபோது எழுந்து நின்றாய். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "ஏன் ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை?" என்று கேட்டாய்.

வெடி முந்திவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

இடக்காது முற்றாகப் போனது. வலக்காதில், பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கொஞ்சம். மேளம் என்றால் ஒட்டுசுட்டான் கோயில் வரை சைக்கிள் மிதிக்கிற நீ, அதன்பின் கோயில் பக்கமே போகவில்லை. "மனுசன் வீட்டிலதான் இருக்கிறார், ஆனா இல்லை, அண்ணை" என்றா பவளம்.

இரண்டு வருடம் கழித்து, வவுனியாவில் றேடியோ திருத்தும் ஒருவரிடம் என் றேடியோவைக் கொண்டுபோனேன். இரண்டு வால்வு வைத்த சிறு பெட்டியொன்றைப் பொருத்தி, ஹெட்போனில் சத்தம் பெருத்துக் கேட்கும்படி செய்து தந்தார். எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, எல்லாம் பற்றரியில்தான் ஓட வேண்டும்.

ஒரு பின்னேரம் அதை உன் மேசையில் வைத்து, ஹெட்போனை உன் தலையில் மாட்டிவிட்டேன். வால்வுகள் சூடேறும்வரை நம்பிக்கையில்லாமல் பார்த்திருந்தாய். வானொலியில் நாதஸ்வரம் வருகிற நேரம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் புருவம் நெரிந்தது. பிறகு விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கின. "தோடி" என்றாய், கோபக்காரனைப் போல உரத்து. குசினி வாசலில் நின்ற பவளம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

அவா தேத்தண்ணி வைக்க உள்ளே போனா. உனக்கு நாதஸ்வரம் தவிர வேறொன்றும் கேட்காது என்ற தைரியத்தில், உன் எதிரிலேயே இருந்து சொன்னேன்: "வெடி முந்தேல்லை. விசிலைப் பிந்தி ஊதினது நான்."

உன் விரல்கள் நின்றன. பிறகு ஹெட்போனைக் கழற்றினாய்.

"இந்த ரெண்டு வரியமும் சனத்தின்ர வாயைப் பாத்துத்தான் கதையை விளங்கிறனான். நீ சொன்னதும் விளங்கினது."

நான் தலையைக் குனிந்தேன். என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாய்.

"குனிஞ்சு கதைச்சா விளங்காது. இன்னொருக்காச் சொல்லு."

அழுதுகொண்டு சொன்னேன். பவளம் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில், "நாளைக்கும் வா. எனக்குப் பற்றரி மாத்தத் தெரியாது" என்றாய்.

நீ இருக்கும்வரை வந்தேன். மன்னித்தாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பிழை செய்தால் உரியவரின் முகத்துக்கு நேரே இருந்து சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போன கிழமை என் மகளிடம் என் பிழையொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. நிமிர்ந்து இருந்து சொன்னேன்.